லெவன் அண்ணையின் நூறாவது மட்ச்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் கிரிக்கெட் விளையாடிய தமிழர்களில் மிக மோசமான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். லெவன் அண்ணை. மிக முக்கியமான ஆட்டக்காரர் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான். இந்த இரண்டு பட்டத்தையும் ஒரே ஆள் வைத்திருந்ததை நான் வேறு எந்த விளையாட்டிலும் கண்டதில்லை. அவருடைய சொந்தப் பெயர் கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்கோர் புத்தகத்தில்கூட ‘லெவன்’ என்றுதான் இருக்கும். இது என்ன பெயர் என்று லீக் நடத்துகிறவர் ஒரு முறை கேட்டபோது, எங்கள் ஸ்கோரர் நேசன் அது பரம்பரைப் பெயர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் வெள்ளிக்கிழமைகள். வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தால் அது அவர்தான் என்று தெரியும். வணக்கம், சுகமா என்பதெல்லாம் கிடையாது. “தம்பி, நாளைக்கு லெவன் வேணும். வாறீர்தானே?” என்பார். நான் கிளப்பின் கப்டன். நானே வருவேனா என்று அவருக்கு ஒவ்வொரு கிழமையும் சந்தேகம் இருந்தது.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களிடம் ஆட்டம் தெரிந்தவர்கள் நிறையப்பேர் இருந்தார்கள், சனிக்கிழமை லீவு இருந்தவர்கள்தான் இல்லை. ஒருவர் டோனட் கடையில் விடிய ஷிப்ட், இரண்டு பேர் பிளாஸ்ரிக் பக்டரி, ஒருவர் பெற்றோல் நிலையம், ஒருவருக்குப் பகல் முழுக்க நித்திரை. அண்ணை பாண் சுடும் பக்டரியில் வேலை செய்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில், இன்னும் மூன்று பேரோடு ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தார். ஒரு கொப்பியில் எங்கள் எல்லோருடைய ஷிப்டையும் எழுதி வைத்திருந்தார். என்னுடைய அடுத்த மாத லீவு எப்போது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணமானவர்களின் வீட்டுக்கு எடுத்தால் புருசனோடு கதைக்கவே மாட்டார். மனைவியைக் கேட்டு வாங்கி, “பிள்ளை, உம்மட மனிசனை நாளைக்கு ஒருக்காத் தாரும். பின்னேரம் ஆறு மணிக்குத் திருப்பித் தாறன்” என்பார். அயல்வீட்டு ஏணியை இரவல் கேட்பதுபோல அவர் கேட்கும்போது யாராலும் மறுக்க முடிவதில்லை. சொன்னபடி ஆறு மணிக்குக் கொண்டுபோய் விட்டும் விடுவார்.

எங்கள் வேகப்பந்து வீச்சாளர் சிவா ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளி இரவு சேர்ந்த கோப்பை எல்லாம் சனி காலையில்தான் கழுவி முடியும். ஒரு சனிக்கிழமை, முடியப் பத்து மணியாகும், வர ஏலாது என்று சிவா சொல்லிவிட்டார். அண்ணை காலை ஏழு மணிக்கே அந்தக் கடையின் பின்கதவால் போய்ப் பக்கத்துத் தொட்டியில் நின்று கழுவத் தொடங்கிவிட்டார். முதலாளி அவரைப் புது ஆள் என்று நினைத்து, கிளாஸ் சரியாகத் துடைக்கவில்லை என்று ஏசினாராம். அண்ணை மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி துடைத்தாராம். எட்டரைக்குச் சிவாவை மைதானத்தில் இறக்கினார், இரண்டு பேரிலும் சவர்க்கார மணம்.

இன்னொரு முறை எங்கள் விக்கெட் கீப்பரின் தங்கைக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் உள்ள இடைவெளியில் அண்ணை அவரை மண்டபத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். உடுப்பு மாற்ற நேரமில்லை, ஆள் பட்டு வேட்டியோடு வந்து நிற்கிறார். எதிர் ரீம் கப்டன் ஆட்சேபித்தார். அம்பயர் ஒரு வயதான ஜமேக்கர், நிதானமான மனிதர். விதியை எடுத்துப் பார்த்தார். வெள்ளை உடுப்பு என்று இருந்தது. வேட்டி வெள்ளை. சரிகைக் கரைதான் கொஞ்சம் பிரச்சினை, அதை அண்ணை உள்ளுக்குள் மடித்துச் செருகிவிட்டார். அந்தக் கீப்பரின் கால்களுக்கு இடையால் பந்து ஓடுவது வழக்கம். அன்று ஒரு பந்தும் ஓடவில்லை.

இவ்வளவும் செய்து பத்துப் பேரைச் சேர்த்துவிட்டுப் பதினோராவது ஆளாகத் தானே இறங்குவார். அங்கேதான் எங்களுக்குக் கஷ்டம். பந்து வீசுபவர் ஓடிவரத் தொடங்கியதுமே அண்ணை பட்டைச் சுழற்றிவிடுவார். பந்து வந்து சேரும்போது அவர் அடித்து முடித்திருப்பார். கட்ச் வந்தால் கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் பக்தியோடு ஏந்துவார், பந்தும் தீர்த்தம்போலவே விரலிடுக்கால் போய்விடும். எட்டுக் கோடைகளில் அவர் ஒரு கட்சும் பிடிக்கவில்லை. பந்து வராத இடமாகப் பார்த்து அவரை நிறுத்துவது என் கப்டன் வேலையின் பெரிய பகுதி. பந்துக்கும் அது தெரிந்ததோ என்னவோ, அவர் நின்ற இடத்தைத் தேடித்தான் போகும்.

ஒரு நாள் மட்ச் முடிந்து சப்வேயில் வந்துகொண்டிருந்தோம். பிட்சில் விரிக்கும் பாயையும், அதை ஆணி வைத்து அறையும் சுத்தியலையும் அவர்தான் காவுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்று ஒரு ஆளுக்காக மூன்று வீடு ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தார். எனக்கு அவர்மேல் எரிச்சலும் இரக்கமும் சேர்ந்து வந்தன. பத்துப் பேரோடு விளையாடினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாயை முழங்காலுக்குள் சரிசெய்துகொண்டு சொன்னார்: “எங்கட ஊர்க் கிளப்பில நான் பன்ரண்டாவது ஆள் தம்பி. தண்ணி குடுக்கிற ஆள். பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒராள் வரேல்லை. ஒருத்தன் வெளிநாடு. ஒருத்தன் இயக்கம். ஒருத்தன் எங்கையெண்டே தெரியாது. அப்பிடித்தான் எனக்கு இடம் கிடைச்சுது. எனக்கு இடம் கிடைச்சு ரெண்டாம் கிழமை ரீமே இல்லை.”

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை ரெலிபோன் இரண்டாம் தரம் அடிக்க முதலே எடுத்துவிடுவேன். அவருடைய மனைவியும் மகளும் அப்போது கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். மகளுக்கு மூன்று வயதில் பிரிந்து வந்தவர். இதையும் அன்றுதான் சொன்னார், இறங்க வேண்டிய ஸ்ரேசன் வந்ததால் அதோடு கதை நின்றுவிட்டது.

எட்டாவது கோடையின் முடிவில் நேசன் பழைய ஸ்கோர் புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மட்ச்கூடத் தவறவிடாத ஒரே ஆள் லெவன் அண்ணை. தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. கடைசிச் சனிக்கிழமை நூறு. செய்தி அண்ணைக்குப் போனதும் அவர் அந்தக் கிழமையே தலைமயிர் வெட்டி, மீசைக்கு மை பூசி, புது வெள்ளைக் காற்சட்டையும் வாங்கியிருந்தார். நாங்கள் அஜின்கோர்ட்டில் கேக் ஒன்று ஓடர் பண்ணினோம். பச்சை ஐசிங்கில் மைதானம், நடுவில் நூறு.

இதே மட்சில் வென்றால் எங்கள் கிளப் மேல் டிவிசனுக்குப் போகும். எட்டு வருசமாகக் கீழ் டிவிசனில் கிடந்தவர்கள் நாங்கள். எனக்கு அந்தக் கிழமை நித்திரையே சரியில்லை.

அண்ணையின் ரெலிபோன் முறையில் ஒரு இரகசியம் உண்டு. பதினொரு பேர் வேண்டுமென்றால் தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிவைப்பார். ஒராள் எப்படியும் கழன்றுவிடும் என்பது அவருடைய கணக்கு. எட்டு வருசத்தில் அது பிழையாகப் போனதே இல்லை. தன்னுடைய நூறாவது மட்சுக்கும் பழக்கதோசத்தில் அப்படியே சொன்னார். ஆனால் இது அண்ணையின் நூறாவது மட்ச், யார் வராமல் இருப்பார்கள்? ஷிப்ட் மாற்றி, காய்ச்சல் என்று பொய் சொல்லி, எல்லோரும் வந்துவிட்டார்கள். கிளப் சரித்திரத்தில் முதல் தடவையாக நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றோம்.

பன்னிரண்டாவதாக வந்தவன் ரமணன், கொழும்பில் பாடசாலை ரீமுக்கு விளையாடியவன், நல்ல கெட்டிக்காரன். அவனைக் கூப்பிட்டதும் அண்ணைதான். எல்லோரும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தோம். சிவா தனக்குக் கால் நோகிறது என்றார். எந்தக் கால் என்று அண்ணை கேட்டார். இடது கால் என்று சொல்லிவிட்டு, சிவா வலது காலை நொண்டிக்கொண்டு நடந்தார்.

அண்ணை என் கையிலிருந்த கடதாசியை வாங்கினார். கப்டன் நான், பெயர் எழுதியது அவர். பதினொரு பெயர் எழுதி என்னிடம் நீட்டினார். ‘லெவன்’ என்ற பெயர் அதில் இல்லை.

“இண்டைக்கு வெல்லவேணும் தம்பி. என்னை விட்டாத்தான் வெல்லலாம்” என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். கடதாசியைக் கிழித்திருக்க வேண்டும். நான் கிழிக்கவில்லை. எனக்கு வெல்ல வேண்டும் என்று இருந்தது. “சரி அண்ணை” என்று சொல்லிவிட்டு நாணயம் சுண்டப் போனேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எதிர் ரீம் மேற்குப் பக்கத்திலிருந்து வந்த கயானாக்காரர்கள். அவர்களில் ஒருவருடைய கார் வழியில் பழுதாகிவிட்டது, பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். முதலில் அவர்கள் அடித்தார்கள். அண்ணை புதுக் காற்சட்டையோடு மேப்பிள் மரத்துக்குக் கீழே கேக் பெட்டிக்குக் காவல் இருந்தார். எங்கள் முறை வந்ததும் அவர்களுடைய கப்டன் வந்து, களத்தடுப்புக்கு ஒரு ஆள் இரவல் தரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அது வழக்கத்தில் உள்ளதுதான். நான் வாய் திறப்பதற்குள் அண்ணை எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். மைதானத்தில் பத்துப் பேர் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது எந்த ரீமாக இருந்தாலும் சரி. அவர்களும் விசயம் தெரியாமல் அவரை எல்லைக் கோட்டில் நிறுத்தினார்கள்.

கடைசி விக்கெட். நான் அடிக்கிறேன், வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும். நல்ல பந்து ஒன்று விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தேன். பந்து மேலே மேலே போய் எல்லைக் கோட்டுப் பக்கமாக இறங்கியது. கீழே நிற்கிறவர் யாரென்று பார்த்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் ஆட்கள் மரத்தடியில் கை தட்டவே தொடங்கிவிட்டார்கள். அண்ணை இரண்டு கையையும் ஏந்தினார்.

பிடித்துவிட்டார்.

கயானாக்காரர்கள் ஓடிப்போய் அவரைத் தூக்கினார்கள். அவர்களின் தோளில் இருந்தபடியே அவர் கையில் இருந்த பந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இறக்கிவிட்டதும் நேரே என்னிடம் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“தம்பி, விடுவன் எண்டுதான் நினைச்சன்” என்றார்.

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அவருடைய வாழ்நாளின் முதல் கட்ச் அது. ஸ்கோர் புத்தகத்தில் இரவல் ஆளுக்குப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை, ‘பதிலாள்’ என்று மட்டும்தான் பதிந்தார்கள்.

இது நூறாவது மட்சா இல்லையா என்று கார் நிறுத்தும் இடத்தில் பெரிய வாக்குவாதம். மைதானத்தில் இறங்கியவர் விளையாடியவர்தான் என்று நேசன் வாதாடினார். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. “நான் எங்கட பக்கம் நிக்கேல்லை. தொண்ணூற்றொன்பதுதான்” என்று ஒரே பிடி. கேக்கில் கை வைக்க விடவில்லை. அடுத்த சீசன் வைகாசியில்தான் தொடங்கும். அதுவரை கேக் எங்கள் வீட்டுப் பிரீசரில், கூழுக்கு வாங்கிவைத்த மீன் தலைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டு மாதமாக என் மனைவி மீன் எடுக்கப் போகும்போதெல்லாம், உங்கள் அண்ணை எப்போது நூறு அடிப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பனிக்காலத்தில் அண்ணையின் மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்து வந்து சேர்ந்தார்கள். அவர் ஸ்காபரோவுக்கு வீடு மாறினார். மகள் அவரோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன் என்கிறாள், பாவம், என்ன தெரியும் அவளுக்கு என்று நேசனிடம் சொல்லியிருக்கிறார். கிழமை நாளில் இரண்டு வேலை. சனிக்கிழமை பிள்ளைக்கு என்று முடிவெடுத்துவிட்டாராம். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆயிற்று, ஏழு மணி ஆயிற்று. எங்கள் வீட்டு ரெலிபோன் அடிக்கவில்லை. அது வேலை செய்கிறதா என்று நான் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தேன்.

பிறகு நான் அவருக்கு எடுத்தேன். எட்டு வருசத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் என் குரலே அவருக்குப் பிடிபடவில்லை.

“அண்ணை, நாளைக்கு வாங்கோ. ஒராள் குறையுது.”

உடனே பழைய குரல் வந்துவிட்டது. “ஆர் வரேல்லை?”

“நீங்கள்தான் அண்ணை.”

பிள்ளையைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் மூன்று பேரும் வந்தார்கள். மகள் தாயின் பின்னால் நின்றாள். அண்ணை அதே புதுக் காற்சட்டையில் இருந்தார். நாங்கள் பொன்னாடை ஒன்று வாங்கி வைத்திருந்தோம், அதைப் போர்த்திவிட்டோம். செய்தி கேள்விப்பட்டு, எட்டு வருசத்தில் அவர் ரெலிபோன் எடுத்து நச்சரித்த ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. அண்ணைக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

பிறகு பழக்கதோசத்தில் எண்ணத் தொடங்கினார். ஒரு தரம் எண்ணினார். திரும்ப எண்ணினார். முப்பது பேரில் வெள்ளை உடுப்போடு நின்றவர்கள் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். மற்ற எல்லோரும் ஜீன்ஸ். போன தடவை நடந்தது இந்தத் தடவையும் நடக்கக்கூடாது, தன்னால் அண்ணையின் இடம் போகக்கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, வேண்டுமென்றே வெள்ளை உடுப்பை வீட்டில் விட்டு வந்திருக்கிறார்கள். ரமணனும் ஜீன்ஸ். சிவாவும் ஜீன்ஸ்.

அண்ணைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பொன்னாடையோடேயே கார் காராகப் போனார். “முப்பது பேர் வந்து நிக்கிறியள், ரெண்டு பேருக்குக் காற்சட்டை இல்லையோ?” கிளப் பையைக் கவிழ்த்துப் பழைய வெள்ளைக் காற்சட்டை இரண்டைக் கண்டெடுத்தார். ரமணனுக்கும் சிவாவுக்கும் இடுப்பளவு கேட்காமலேயே மாட்டிவிட்டார். சிவாவுக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. இதைப் பார்த்து மகள் சிரித்தாள். அண்ணை திரும்பிப் பார்த்தார். கோபம் எங்கே போனதோ தெரியாது.

அன்று நாங்கள் வென்றோமா தோற்றோமா என்பது எனக்கு ஞாபகமில்லை. அண்ணை இரண்டு கட்ச் விட்டார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். மட்ச் முடிந்து கேக்கை வெட்டப் போனால் கத்தி இறங்கவில்லை, கடைசியில் பாய் ஆணி அறையும் சுத்தியலால் உடைத்தோம். மீன் மணந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

கடதாசித் தட்டோடு அண்ணையின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். தூரத்தில் அண்ணை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார், மற்றப் பக்கத்தைப் பிடிக்க மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்கா நாள் முழுக்க மட்சைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனதில் கிடந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, குறை நினையாதேங்கோ. இவர் கடிதத்தில எழுதேக்கை நாங்கள் வேற மாதிரி நினைச்சிருந்தம். இவர் உண்மையாவே நல்லா விளையாடுறவரோ?”

“இந்த எட்டு வருசத்தில ஒரே ஒரு நாள்தான் அக்கா இவர் இல்லாமல் விளையாடினனாங்கள்” என்றேன். “தோத்துப்போனம்.”